நான் காணாத பிறை

மகன்,

மேல ஸலாம் எழுதிப்போட்டு வெட்டியிருக்கிறதைக் கண்டிருப்பாய். நீ பதில் சொல்லாட்டி அந்த ஸலாம் எங்க போய் நிக்கும் எண்டு யோசிச்சுத்தான் வெட்டினன். பிறகு நினைச்சன், உன்மேல நிம்மதி இருக்கட்டும் எண்டு தாய் சொல்றதை வேண்டாமெண்டு சொல்ல உனக்கு என்ன இருக்கு எண்டு. அதால திரும்ப எழுதுறன், அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நல்லா இருக்கிறன் எண்டு எழுத ஏலாது. பயந்துபோய் இருக்கிறன். அஞ்சாம் வகுப்போட நிண்டவ எழுதுறது, எழுத்தைப் பார்க்காம விசயத்தைப் பார். போனில சொன்னா நீ "விடுங்க உம்மா, பிறகு கதைப்பம்" எண்டு வைச்சிடுவாய். நானும் அழுதிடுவன். கடிதம் எண்டா நான் அழுதாலும் அது அழாது.

நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிர்வாகத்தில இருந்து மூண்டு பேர் வீட்டுக்கு வாறாங்க. வாப்பா போனதுக்குப் பிறகு நாலு மாதம் பத்து நாள் நான் இத்தா இருக்கிறதால வெளி ஆம்பிளைகளுக்கு முன்னால வர ஏலாது. அவங்க விறாந்தையில கதிரையில இருப்பாங்க, நான் அறைக்குள்ள சேலைத் திரைக்குப் பின்னால இருந்து பதில் சொல்ல வேணும். கேக்கப் போறது ஒண்டுதான், உன்ட மகன் முஸ்லிமா இல்லையா எண்டு. இல்லையெண்டா பள்ளிப் பதிவில இருந்து உன்ட பேரை வெட்டிடுவாங்க. வெட்டினா இந்த ஊரில உனக்கு நிக்காஹ் இல்லை, நீ மௌத்தானா வாப்பாட பக்கத்தில மையவாடியில இடமில்லை. நான் மௌத்தானாலும் என்ட கபுறுக்குள்ள இறங்கி என்னைப் பிடிச்சு வைக்க உன்னை விடமாட்டாங்க. 

நிர்வாகத்தில உன்ட சாச்சாவும் இருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, வாப்பாவுக்குத் தம்பியாப் பிறந்தவர், உன்னைத் தோளில வைச்சுக்கொண்டு, நாங்க இடம்பெயர்ந்திருந்த புத்தளத்து அகதிக் கொட்டில் முழுக்கத் திரிஞ்சவர். முந்தநாள் போன் எடுத்தார். "மதினி, ஒரு வார்த்தையில முடிக்கிற விசயம். அவன் தொழுறதைக் கண்ணால கண்டனான், கலிமா சொன்னதைக் காதால கேட்டனான் எண்டு மட்டும் சொல்லுங்க. தாய் சாட்சி சொன்னா மேல ஒருத்தரும் கேக்க ஏலாது" எண்டார்.   பிறகு "பிறை விசயத்தில நீங்க சாட்சி சொல்லேல்லையா, அது மாதிரித்தான்" எண்டார். அவருக்குத் தெரியாது தான் என்ன சொன்னார் எண்டு. நான் போனை மடியில வைச்சிட்டன்.

இது எங்க தொடங்கினது எண்டு உனக்குத் தெரியும். வாப்பா மௌத்தான அண்டைக்கு நீ கண்டியில இருந்து பஸ்ஸும் முச்சக்கரவண்டியுமா மாறி மாறி வந்து சேர்ந்தாய். வாப்பாட மையத்தை, அந்த உடம்பைக் குளிப்பாட்டின இடத்தில நிண்டாய். வெளியில வரேக்க உன்ட ரெண்டு கையும் முழங்கை மட்டும் நனைஞ்சு கிடந்தது, நீ துடைக்கேல்லை. மையம் வைச்ச சந்தூக்குப் பெட்டியின்ட முன் காலை நீ தூக்கினதை நான் யன்னலால கண்டன். ஆனா பள்ளியில ஜனாஸாத் தொழுகைக்கு எல்லாரும் சஃப்பில வரிசையா நிக்க நீ தள்ளி வேப்பமரத்துக்குக் கீழ நிண்டனியாம். பிறகு கண்டிக்குப் போய் பேஸ்புக்கில எழுதியிருந்தாய், நான் காணாததுக்குச் சாட்சி சொல்ல மாட்டன் எண்டு. கலிமாவே சாட்சி சொல்றன் எண்டுதானே தொடங்குது, அதைத்தான் நீ சொல்றாய் எண்டு ஊரில எல்லாருக்கும் விளங்கிட்டுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை எனக்கு வாசிச்சுக் காட்டினாள். வாசிச்சு முடிச்சிட்டு என்ட முகத்தைப் பாராம போனைப் பார்த்துக்கொண்டே நிண்டாள்.

அதுக்கு முன்னமே, நீ வெளிக்கிடுற அண்டைக்கு, குசினியில வைச்சு நான் உன்னட்டக் கேட்டனான். ஏன் மகன் வாப்பாவுக்குத் தொழேல்லை எண்டு. "நம்பிக்கை இல்லாம நிண்டா அது நடிப்பு உம்மா. வாப்பாட மையத்துக்கு முன்னால நடிக்கச் சொல்றீங்களா?" எண்டு கேட்டாய். படிச்சு எல்லாத்துக்கும் காரணம் தேடிப் பார்த்தாச்சு, கடல் ஏன் ஏறுது, காய்ச்சல் ஏன் வருது, நட்சத்திரம் எதால எரியுது, ஒண்டுக்கும் அல்லாஹ்வைக் கூப்பிட வேண்டி வரேல்லை எண்டாய். நான் கேட்டன், அடுப்பு எப்படி எரியுது எண்டு தெரிஞ்சா சமைச்சவ இல்லையெண்டு ஆகிடுமா எண்டு. நீ சிரிச்சுக்கொண்டு, "சமைச்சவவைத்தான் நான் பார்த்துக்கொண்டு நிக்கிறனே" எண்டாய். எனக்குப் பதில் வரேல்லை. இப்பவும் வரேல்லை. ஆனா பதில் வராததால என்ட ஈமான் போகவும் இல்லை. விடியப்புறம் பஜருக்கு எழும்பேக்க பக்கத்தில ஆரோ இருக்கிற மாதிரி எனக்கு இருக்கும், அதை உனக்கு எடுத்துக் காட்ட ஏலாது. காட்ட ஏலாததை நீ கணக்கில எடுக்க மாட்டாய். அப்படித்தான் நாங்க ரெண்டு பேரும் அண்டைக்குத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சம்.

நீ பஸ் ஏறினாப் பிறகு நான் யோசிச்சுக்கொண்டே இருந்தன், இவன் எந்த நாளில எங்களை விட்டுப் போனான் எண்டு. கம்பஸ் கெடுத்துப்போட்டுது எண்டு சாச்சா சொல்றார். புத்தகம் கெடுத்தது எண்டு ஊர் சொல்லுது. எனக்குத் தெரியும் அந்த நாள் எது எண்டு. உனக்கும் தெரியும். ஆனா என்ட வாயால நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்ப சொல்றன்.

நீ உயர்தரம் படிச்ச வருசம். நோன்பு இருபத்தொன்பது, பிறை கண்டா அடுத்த நாள் பெருநாள். வாப்பாட கண் எங்கட பக்கத்தில பேர்போன கண், கடலில நிண்டு தூரத்து வள்ளம் ஆரிட வள்ளம் எண்டு சொல்லுற கண். வருசா வருசம் அவர் பிறை கண்டா அவரிட சொல்லைத்தான் பள்ளியில இருந்து கொழும்புப் பெரிய பள்ளிக்கு அறிவிக்கிறது. ஆனா அந்த வருசம் கண்ணில பூ விழத் தொடங்கிட்டுது, அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அதுக்கு முந்தின மாதம் பிறையை விட்டுட்டார் எண்டு கரையில பகிடி. "காக்காவுக்கு இப்ப பிறை பார்க்க டோர்ச் லைட் வேணும்" எண்டு அவரை அண்ணன் முறை வைச்சுக் கூப்பிடுற ஒருத்தன் சொல்ல, வாப்பாவும் சேர்ந்து சிரிச்சிட்டு வீட்ட வந்து சாப்பிடாமப் படுத்தவர். அண்டைக்குப் பொழுதுபட, மஃரிபுக்கு, வீட்டுக்குப் பின்னால கரையில நானும் அவரும் நிண்டம். மேற்கில முகில் கீறு கீறாக் கிடந்தது. அவர் கையை நீட்டி, "அந்தா, கண்டியா?" எண்டார். நான் அவரிட விரலைப் பார்த்தன், விரலுக்கு நேரயும் பார்த்தன். முகில்தான் இருந்தது. அவரிட முகத்தைப் பார்த்தன். "ஓம், கண்டன்" எண்டன்.

அவர் பள்ளிக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில அவரோட எங்கட வாசலில பத்துப் பதினைஞ்சு பேர். நீ உள்ளுக்க இருந்து ஒரு கொப்பித் தாளோட வந்தாய். "வாப்பா, இண்டைக்குச் சூரியன் மறைய முந்தியே பிறை கீழ போயிட்டுது. கணக்குப் பார்த்தனான். ஆரும் காண ஏலாது" எண்டாய். எல்லாருக்கும் முன்னால வாப்பா உனக்கு அடிச்சார். "அல்லாஹ்ட பிறையை அளக்க நீ ஆர்?" எண்டு கேட்டார். நீ அழேல்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். "உம்மா, நீங்க கண்டீங்களா?" எண்டு கேட்டாய். நான் கதவுக்குப் பின்னால நிண்டு, அத்தனை ஆம்பிளைகளும் கேக்க, அல்லாஹ் மேல சத்தியமாக் கண்டன் எண்டு சொன்னன்.

கொழும்பில ஏத்துக்கொள்ளேல்லை, நாட்டில வேற ஒரு இடத்திலயும் ஆரும் காணேல்லை. ஆனா எங்கட ஊரில பாதிப் பேர், வாப்பாவும் பொய் சொல்ல மாட்டார், அவரிட பொஞ்சாதியும் பொய்ச்சத்தியம் பண்ண மாட்டா எண்டு, அடுத்த நாள் நோன்பை விட்டுட்டுப் பெருநாள் எடுத்தாங்க. அண்டைக்குப் பின்னேரம் வானம் வெளிச்சிருந்தது. எல்லாரும் பார்த்தாங்க. மயிர் மாதிரி ஒரு பிறை, இப்பதான் பிறந்தது எண்டு குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். ஆரும் எங்களை ஒரு வார்த்தை கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை. புதுச் சட்டையோட படியில இருந்து அந்தப் பிறையைப் பார்த்தாய். பிறகு எழும்பி உள்ளுக்க போனாய்.

பெருநாளுக்குப் பிறகு நான் விட்ட அந்த ஒரு நோன்பைத் தனியாக் களாவாத் திருப்பிப் பிடிச்சன். நீ பகல் தேத்தண்ணி கேட்டு வந்து, நான் குடிக்காததைக் கண்டு என்ன எண்டாய். பெருநாள் முடிய விரும்பினவங்க பிடிக்கிற ஆறு நோன்பு பிடிக்கிறன் எண்டன். நாலைஞ்சு நாளால நீ கேட்டாய், "ஆறெண்டீங்க, ஒண்டோட நிப்பாட்டிட்டீங்களே உம்மா?" எண்டு. நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, உடம்புக்கு ஏலாது எண்டன். உனக்கு அப்பவே எல்லாம் விளங்கிட்டுது, என்ன. கணக்குத் தெரிஞ்ச பிள்ளை. நான் ஊர் நோன்பைக் கெடுத்துப்போட்டு என்ட நோன்பை மட்டும் திருத்தினன். அதையும் பொய் சொல்லித்தான் திருத்தினன்.

வாப்பாவும் அண்டைக்குப் பொய் சொன்னார் எண்டுதான் இத்தனை வருசமா நான் நினைச்சிருந்தன். ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமை அவர் என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார், "அண்டைக்கு எனக்கு ஒரு வெளிச்சம் தெரிஞ்சது, பிறைதானா எண்டு நிச்சயமில்லை. நீ கண்டனெண்டு சொன்னதாலதான் நான் பள்ளிக்குப் போனன்." நான் அவரைத் தாங்கிறன் எண்டு நினைச்சன். அவர் என்னில சாய்ஞ்சுகொண்டு நிண்டிருக்கிறார். "நீ கண்டனி தானே?" எண்டு கேட்டார். மகன், மௌத்துக்குக் கிட்ட இருக்கிற மனுசனிட்ட நான் திரும்பவும் ஓம் எண்டன். "அப்ப சரி, பொடியனுக்கு அடிச்சதுதான் மனசில கிடக்குது" எண்டு சொல்லிட்டு, ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். நான் உண்மையைச் சொல்லியிருந்தா, உன்னைக் கூப்பிட்டு அந்தக் கன்னத்தைத் தொட்டிருப்பார். அதையும் உனக்குக் கிடைக்காமப் பண்ணினது நான்தான்.

அண்டைக்கு வாப்பா அடிச்சது தன்ட கையால. பேர் அல்லாஹ்ட பேர். நான் சத்தியம் பண்ணினது என்ட பயத்தில. அதுக்கும் பேர் அல்லாஹ்ட பேர். அந்தப் பின்னேரம் உனக்கு அல்லாஹ்வும் நாங்களும் ஒரே ஆளாப் போயிட்டம். எங்கட சொல்லு பொய்யான உடனே அவன்ட சொல்லும் பொய்யாப் போச்சு. இந்த இத்தாவுக்குள்ள இருந்துதான் எனக்கு இது விளங்கினது. இத்தா இருக்கிறவ வானத்தைப் பார்க்கக் கூடாது எண்டு என்ட மாமி சொல்லி வைச்சது, நானும் மூண்டு மாதத்துக்கு மேல குனிஞ்ச தலையாத் திரிஞ்சன். போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு மௌலவியிட்டக் கேப்பிச்சன். அப்படி ஒரு சட்டம் எந்தக் கிதாபிலயும் இல்லை, வானம் அல்லாஹ் படைச்சது, பாருங்க எண்டு சொல்லி அனுப்பினார். மூண்டு மாதம் மகன். நான் ஆருக்குக் கீழ்ப்படிஞ்சு குனிஞ்சன்? அல்லாஹ் சொன்னது எது, அவன்ட பேரில மனுசர் சொன்னது எது எண்டு பிரிச்சுப் பார்க்க எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. உனக்கு நானும் படிப்பிக்கேல்லை. நீ ரெண்டையும் ஒண்டாக் கட்டி வீசிட்டாய். வீசினது பிழை எண்டுதான் நான் நம்புறன், அதில மாற்றமில்லை. கட்டிக் கையில தந்தது நான்.

பயம் எனக்குக் குறையேல்லை. அதை மறைச்சு எழுத மாட்டன். மறுமையில உன்னைத் தனியாப் பிரிச்சு நிப்பாட்டுவாங்களோ எண்டு நினைக்கேக்க, வெத்திலை உரலைப் பிடிச்ச கை நிண்டிடுது. நீ எழுதினதை வாசிச்சிட்டு எவனாவது கோவக்காரன் உன்னை வழியில மறிப்பானோ எண்டு பயம். நானும் வாப்பாவும் ஒரு இடத்தில, நீ ஒரு இடத்தில எண்டு ஆகிடுமோ எண்டு பயம். நீ இதெல்லாம் இல்லையெண்டு சொல்லுவாய். இல்லாட்டி நல்லம் மகன், என்ட பயம் வீணாப் போகட்டும். ஆனா இப்ப இதை எல்லாத்தையும் விட நான் பயப்பிடுறது என்ட வாய்க்கு. ரெண்டு தரம் ஓம் எண்ட வாய். நாளைக்குத் திரைக்குப் பின்னால, சாச்சாட குரலைக் கேட்டவுடனே, மூண்டாம் தரமும் ஓம் எண்டு சொல்லிடுமோ எண்டு பயப்பிடுறன். உன்னைக் காப்பாத்துறதுக்கெண்டுதான் சொல்லும். அண்டைக்கும் வாப்பாவைக் காப்பாத்துறதுக்கெண்டுதானே சொன்னது.

அதால என்ன சொல்றதெண்டு எழுதி வைச்சிருக்கிறன், திரைக்குப் பின்னால பார்த்து வாசிக்க. உனக்கும் எழுதுறன். அவன் கலிமா சொன்னதை இப்ப கிட்டடியில நான் கேக்கேல்லை. நம்பேல்லை எண்டு என்னட்டச் சொன்னதைக் கேட்டனான். தகப்பன்ட மையத்தைக் குளிப்பாட்டி நனைஞ்ச கையோட வந்ததைக் கண்டனான். சந்தூக்கு தூக்கினதைக் கண்டனான். அவன்ட மனசுக்குள்ள, கல்புக்குள்ள நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை, அதுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறான், அவன் பார்க்கட்டும். பொய் சொல்ல மாட்டன் எண்டதுக்காக அவன்ட பேரை வெட்டுறதெண்டா, அதுக்கு முதல் என்ட பேரை வெட்டுங்க. அந்த வருசம் நான் பிறை காணேல்லை. அல்லாஹ் மேல பொய்ச்சத்தியம் பண்ணி, பாதி ஊரின்ட ஒரு நோன்பைத் திண்டவ நான். பிள்ளை அண்டைக்குச் சொன்னது சரி. இவ்வளவுதான்.  இதைக் கேட்டு அவங்க என்ன முடிவு எடுப்பாங்க எண்டு எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கேக்க அது முடிஞ்சிருக்கும். வெட்டினாலும் நீ வீட்டுக்கு வா. வீட்டுப் பதிவு என்னட்ட இருக்கு.

உன்னட்ட ஒண்டு கேக்கிறன். தொழச் சொல்லிக் கேக்கேல்லை, அதைக் கேக்க வேண்டிய இடத்தில கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், அந்த துஆவை நீ நிப்பாட்ட ஏலாது. நான் மௌத்தானா ஜனாஸாவுக்கு முன்னால சனத்தைப் பார்த்துக் கேப்பாங்க, இவ எப்படிப்பட்டவ எண்டு. வழமையா எல்லாரும் நல்லவ எண்டு சொல்றது, அறியாதவனும் சொல்றது. நீ அந்த இடத்தில வேப்பமரத்துக்குக் கீழ நிண்டாலும் பரவாயில்லை, சத்தமா ஒரு வார்த்தை சொல்லு. நீ கண்டதை மட்டும் சொல்லு. அதுக்கு நீ ஒண்டையும் நம்பத் தேவையில்லை, என்னைக் கண்டிருக்கிறாய்தானே. நல்லவ எண்டு சொல்ல மனம் வராட்டி, கடைசியில உண்மை சொன்னவ எண்டு சொல்லு. ஆனா நாளைக்கு நான் அதைச் சொன்னனா எண்டு முதல் விசாரிச்சுப் போட்டுச் சொல்லு.

இண்டைக்கு நாலாம் மாதத்துப் பிறை இருபத்தொன்பது. வாப்பா மௌத்தானது தலைப்பிறையில எண்டதால, இண்டைக்குப் பிறை கண்டா எனக்கு இத்தா முடிய இன்னும் பத்து நாள், காணாட்டி பதினொண்டு. இந்த அறையும் இந்த வெள்ளைச் சேலையும் எப்ப முடியும் எண்டு இருக்கு எனக்கு, ஒரு நாள் குறைஞ்சாலும் பெரிய காரியம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லுது. எழும்பிப் போய்க் குசினி யன்னலால பார்த்திட்டு வந்து மிச்சத்தை எழுதுறன்.

பார்த்தன் மகன். முகிலுக்கு ஓரத்தில ஒரு வெளிச்சம் இருந்தது. கனநேரம் பார்த்தன். அது பிறை இல்லை. காணேல்லை. பதினொரு நாள்.

உன்ட உம்மா